நாயக் ஐயா போகட்டும்

போன புதன்கிழமை மத்தியானம். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டு வாசலில் ஒரு பட்டாளத்துக்காரர் வந்து நின்றார். காக்கிச் சட்டை, முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டி, சட்டைக் கையில் இரண்டு பட்டை. நல்ல வெயில். வண்ணார்பேட்டையிலிருந்து நடந்தே வந்தாராம்.

"பாக்கியம் அக்கா இருக்காகளா, டீச்சரம்மா?" என்று கேட்டார்.

பாக்கியம்தான் எங்கள் போர்டிங்கின் சமையல்காரி. வந்தவர் அவளுடைய தம்பி சாமுவேல் என்பது முகத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே பிடிவாதம் பிடித்த மோவாய். மெசபொட்டேமியாவில் சண்டை முடிந்து, லீவு வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறார். எத்தனை பேர் திரும்பாத இடத்திலிருந்து முழுசாக ஒருவர் திரும்பி வந்திருக்கிறார்! நான் உள்ளே ஓடினேன்.

"பாக்கியம், உன் தம்பி வந்திருக்கிறார்!"

கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் குழம்பைக் கிண்ட ஆரம்பித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாயக் ஐயா போகட்டும்னு சொல்லுங்க டீச்சரம்மா. எனக்குச் சோலி கெடக்கு."

நாயக் ஐயா! பட்டாளத்து உத்தியோகப் பெயர்!

தாய் செத்த பிறகு இடுப்பை விட்டு இறக்காமல் அவள் வளர்த்த தம்பி. 'எங்க சாமுவேலு' என்பதைத் தவிர அவனைப் பற்றி அவள் வேறு எப்படியும் பேசி நான் கேட்டதில்லை. அந்த வாயிலிருந்து 'ஐயா' வந்தால் அது மரியாதையா? முகத்தில் கதவைச் சாத்துவது இதைவிட மேல்.

வெளியே நின்றவருக்கும் அது கேட்டிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள், "கேட்டுச்சு டீச்சரம்மா. நாளைக்கு வாரேன். சனிக்கிழமை ரயிலுக்குப் பட்டாளத்து டிப்போவுக்குப் போகணும்... அதுக்குள்ள ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பத்திரிகையில் இந்த இடத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. 'உங்களுக்கு என்ன வந்தது?' என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்த இருவருக்கும் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா. இந்தச் சனிக்கிழமை பேசாமல் பிரிந்தால் அப்புறம் பேசுவார்களா? பட்டாளத்துக்காரன் மறுபடி எப்போது வருவான், வருவானா என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். பாக்கியத்தின் புருஷன் மெசபொட்டேமியாவில் செத்துப்போனார். சாமுவேலின் பட்டாளத்தில், சாமுவேலின் கம்பெனியில், சாமுவேலின் செக்ஷனில். அன்று அவரைச் சாவுக்கு அனுப்பியது தம்பிதான் என்று பாக்கியம் நினைக்கிறாள்.

இங்கே கொஞ்சம் நின்று, பட்டாளத்து உத்தியோகங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தாசில்தாருக்கும் டிப்டி தாசில்தாருக்கும் உள்ள வித்தியாசத்தை வண்டி வருகிற சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, அந்த ஆள் அங்கே என்னவாக இருக்கிறான் என்று கேட்டால் — விழிப்பார்கள்!

சேர்கிறவன் முதலில் சிப்பாய். சட்டைக் கை வெறுங்கை. ஒரு பட்டை தைத்தால் லான்ஸ் நாயக். இது எங்கள் வகுப்பில் மானிட்டர் வைக்கிற மாதிரி. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசியவள் இன்று எழுந்து 'பேசாதே' என்பாள். பட்டையைக் கொடுத்த மாதிரியே சத்தமில்லாமல் பிடுங்கியும் விடலாம். இரண்டு பட்டை என்றால் நாயக். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு செக்ஷன் அவர் பொறுப்பு. மூன்று பட்டை ஹவில்தார். அதற்கு மேலே ஜமேதார், சுபேதார் — சலாம் வைப்பது இவர்களிலிருந்துதான். அதற்கும் மேலே துரைமார்கள்.

நாயக்குக்குச் சலாம் கிடையாது. தனிக் கூடாரம் கிடையாது. சிப்பாய் தின்கிற ரொட்டியைத்தான் அவரும் தின்கிறார், சிப்பாய் படுக்கிற மண்ணில்தான் அவரும் படுக்கிறார். பிறகு அந்த இரண்டாவது பட்டை எதற்கு? எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது.

தம்பிக்கு நாயக் பட்டை கிடைத்த செய்தி வந்த அன்று பாக்கியம் போர்டிங் முழுவதுக்கும் பாயசம் வைத்தாள். "பத்துப் பேரு அவன் சொன்னபடி கேப்பாக டீச்சரம்மா!" என்று ஒவ்வொரு தட்டாகப் போய்ச் சொன்னாள். அந்தச் சமயத்தில்தான் ஆள் சேர்க்கிற ஹவில்தார் ஒருவர் சந்தைக்குச் சந்தை போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரையும் ஒரே செக்ஷனில் போடுவோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பட்டாளத்துக்கும் அது பிடிக்கும். உறவுக்காரன் பக்கத்தில் இருந்தால் ஓடமாட்டான் பாருங்கள்!

பாக்கியத்தின் புருஷன் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண்ணில் கிணறு வெட்டிப் பழகியவர். மழை பொய்த்த வருஷம், வேலை இல்லை. தம்பி இருப்பதோ மண்வெட்டிப் பட்டாளம். சண்டையும் போடும், ரோடும் போடும், குழியும் வெட்டும். அவருக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

"தம்பி நாயக்கா இருக்கான். அவன் கையில இருந்தீகன்னா எனக்குப் பயமில்ல" என்று சொல்லி அனுப்பியவள் பாக்கியமேதான்.

பிறகு சாவுச் செய்தி வந்தது. கொஞ்ச காலம் கழித்து, காயம்பட்டு ஊர் திரும்பிய ஒரு சிப்பாய் சர்ச் வாசலில் அவளிடம் துக்கம் விசாரித்தார். "முன்னால போயி முளை அடிக்க ஆள் அனுப்புவாக. அதுல செத்துட்டாரு, பாவம்" என்றார். யார் அனுப்புவார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். அவரும் கள்ளமில்லாமல், "நாயக்குதான் ஆளைச் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் மனசுக்குள் தம்பி 'நாயக் ஐயா' ஆகிவிட்டான்.

வியாழக்கிழமையும் சாமுவேல் வந்தார். வியாழக்கிழமையும் அதே பதில். ஆனால் இந்தத் தடவை நான் விடவில்லை. கூடவே நடந்து போய், சர்ச் காம்பவுண்டில் புளிய மரத்தடிக் கல் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். தயங்கி, நுனியில் உட்கார்ந்தார்.

நேராகவே கேட்டேன். "உங்கள் அத்தானை நீங்கள்தான் அனுப்பினீர்களா?"

அவர் தலைப்பாகையை மடியில் வைத்து, அதன் மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"இருங்க டீச்சரம்மா. முதல்ல இருந்து சொல்லுதேன். நாளைக்கு இங்கன இருந்து அங்கன வரைக்கும் குழி வெட்டணும்னு தொரை சொல்லுவாரு. எந்தக் கம்பெனின்னு சுபேதார் சொல்லுவாரு. வெட்டுததுக்கு முந்தி, பொழுது சாயுத நேரத்துல ரெண்டு பேரு முன்னால போயி, முளை அடிச்சுக் கயிறு கட்டிட்டு வரணும். அந்தக் கயித்தப் பார்த்துதான் மத்தவுக வெட்டுவாக. எதிராளிக்கு நாங்க வெட்டப்போறது தெரியும். பார்த்துக்கிட்டே இருப்பான். ஹவில்தார் எங்கிட்ட வந்து, 'ரெண்டு பேரு'ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு."

"சரி."

"ரெண்டு பேருன்னு சொல்லுத வரைக்கும் அது வெறும் எண்ணிக்கை. மேல இருக்கிற அம்புட்டுப் பேரும் எண்ணிக்கைதான் சொல்லுவாக. யாருன்னு சொல்லுத வேலை ஒருத்தனுக்குத்தான். அதுதான் நாயக்."

எனக்கு அந்த இரண்டாவது பட்டை எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. பதவி மேலே போகப் போகப் பாரம் கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இவர் சொல்வதைப் பார்த்தால், ஏணியின் கீழ்ப்படியிலிருந்து இரண்டு படி ஏறிய இடத்தில்தான் பெரிய பாரத்தை வைத்திருக்கிறார்கள். துரைக்குப் பட்டாளம். சுபேதாருக்குக் கம்பெனி. நாயக்குக்கு மட்டும் முகம், பெயர், காலையில் ஒரே அடுப்பில் சேர்ந்து காய்ச்சிக் குடித்த கஞ்சி.

"முறை வச்சுத்தான் அனுப்புவேன்" என்றார் சாமுவேல். "இன்னைக்கு நீ, நாளைக்கு நீன்னு. யாரும் குறை சொல்ல முடியாது. பேரைச் சொன்னா எந்திரிச்சு வருவான். ஆனா... பேரைச் சொல்லணும்ல டீச்சரம்மா? அவுக பேரை நான் எப்படிச் சொல்லுவேன்?"

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காள் புருஷன் என்றால் அப்பா ஸ்தானம். அதிலும் தாய் தகப்பன் இல்லாத வீட்டில்! அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அவர் முன்னால் குரல் உயரக்கூடாது. அவரை ஏவக்கூடாது. பெயரைச் சொல்லவே கூடாது. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டோம் என்று பெருமை பேசுகிற எங்கள் வீடுகளிலும் இதை மட்டும் யாரும் விடவில்லை. என் தம்பிமார்கள் என் வீட்டுக்காரரை இன்றுவரை 'அவுக' என்றுதான் சொல்கிறார்கள்.

"முதல் நாள் அவுக முறை வந்துச்சு" என்று சாமுவேல் தொடர்ந்தார். "ஒருத்தன் பேரைச் சொல்லிட்டேன். ரெண்டாவது ஆளு இவுக. வாயி வரல. எல்லாரும் பார்க்காக. நான் முழிச்சுக்கிட்டு நிக்கேன். அத்தான் எம் மூஞ்சியப் பார்த்தாக... என் பாடு அவுகளுக்குப் புரிஞ்சுபோச்சு. டக்குன்னு எந்திரிச்சு, சுத்தியலைக் கையில எடுத்துக்கிட்டு, 'நான் வாரேன், நாயக்'ன்னாக. தனியா இருந்தா 'மாப்ளே'ம்பாக. பத்துப் பேரு முன்னால ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல. எனக்குக் கௌரவக் குறைச்சல் வரக்கூடாதாம்."

"நல்ல மனுஷர்."

"நல்ல மனுஷன்தான். அதுதான் வினையாப் போச்சு. அன்னையில இருந்து, ஹவில்தார் 'ரெண்டு பேரு'ன்னு சொன்ன உடனே அத்தான் எந்திரிச்சிருவாக. முறை இருக்கோ இல்லையோ. நான் வாயத் திறந்து அவுகளை ஏவுத நிலைமை வரக்கூடாது, சொந்தக்காரனை ஒளிச்சு வைக்கான்னு நாலு பேரு சொல்லவும் கூடாது... ரெண்டுக்கும் சேர்த்து அவுக எந்திரிச்சிருவாக. மத்தவனெல்லாம் முறைக்குத்தான் போனான். இவுக எப்பமும் போனாக."

எனக்குக் கோபம் வந்தது. வாத்திச்சிக் கோபம். "உட்காருங்கள் அத்தான் என்று சொல்ல வேண்டியதுதானே?"

"உக்காருங்கன்னா, அத்தானுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமான்னு செக்ஷன் கேக்கும். போங்கன்னா, அக்கா மூஞ்சி முன்னால வந்து நிக்கும். நான் ரெண்டுமே சொல்லல டீச்சரம்மா. பேசாம நின்னேன். நான் செஞ்சது அதுதான். பேசாம நின்னது."

கடைசியாக ஒரு சாயங்காலம் அவர் முளை அடித்துக்கொண்டிருக்கும்போது குண்டு பாய்ந்தது. கூடப் போனவன்தான் இழுத்துக்கொண்டு வந்தான். கயிறு பாதி கட்டியிருந்தது. மறுநாள் அந்தக் கயிற்றை வைத்தே இவர்கள் குழியை வெட்டி முடித்தார்களாம். இதைச் சொல்லும்போது சாமுவேலின் குரல் உடையவில்லை. எனக்குத்தான் முந்தானை தேவைப்பட்டது.

"இதை அப்படியே உங்கள் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்" என்றேன். "நீங்கள் அனுப்பவில்லை. அவராகப் போனார். இதுதானே உண்மை?"

சாமுவேல் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவுகளாப் போனாகன்னு சொன்னா, பழிய அவுக தலையில போட்ட மாதிரி ஆகாதா? செத்தவுக வந்து பதில் சொல்லுவாகளா? என் செக்ஷன்ல இருந்து போன ஆளு, நான் அனுப்புன ஆளுதான். அதுக்குத்தான் இந்தப் பட்டை. அக்கா கேட்டா நான் அதைத்தான் சொல்லுவேன்."

எழுந்து நின்று தலைப்பாகையை வைத்துக்கொண்டார். போகும்போது, டிப்போவுக்குப் போனதும் மூன்றாவது பட்டை கொடுக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும் சொன்னார். ஏதோ வயிற்றுவலி வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. யார் மேல் கோபப்படுவது? தம்பி அத்தானுக்கு மரியாதை கொடுத்தான். அத்தான் தம்பியின் மானத்தைக் காப்பாற்றினார். இரண்டில் எது தப்பு? நம் வீட்டில் கல்யாணப் பந்தியில் இப்படி நடந்திருந்தால், என்ன அருமையான மனுஷர்கள் என்று நாலு பேர் மெச்சியிருப்பார்கள். அதே மரியாதையை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் பாருங்கள்... அங்கே அது ஆளைக் குடித்துவிட்டது.

சாயங்காலம் பாக்கியத்திடம் போனேன். தம்பி சொன்னதை நான் சொல்லவில்லை; அது என் வாயால் வரவேண்டிய பேச்சு இல்லை. "நாளைக்கும் அவர் வருவார். அதற்கு மறுநாள் ரயில். கேட்க வேண்டியதை நேரில் கேட்டுவிடு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நீரிலிருந்து எடுக்கவில்லை.

"கேட்டா அவன் உள்ளதைச் சொல்லிருவான் டீச்சரம்மா. சின்னப் பிள்ளையில இருந்து அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

அவள் கேட்காமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேள்வி கேட்காத வரைக்கும் தம்பி அனுப்பாமலும் இருந்திருக்கலாம் அல்லவா? அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை. மத்தியானப் பந்தி முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். சாமுவேல் வந்து வாசலில் நின்றார். நான் சமையற்கட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். போகச் சொன்னால் போயிருப்பேன். யாரும் சொல்லவில்லை.

பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். நேரே முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் சட்டைக் கையைத்தான் பார்த்தாள்.

"அவுகளை நீயாலே அனுப்பினே?"

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். சாமுவேலின் உடம்பு தானாக விறைத்தது. பரேடில் நிற்கிற மாதிரி நின்றார்.

"ஆமாக்கா. நான்தான் அனுப்பினேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பாக்கியம் அசையவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னன்னு சொல்லி அனுப்பினே?"

அவர் பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினார்.

"சொல்லுலே. மத்தவுகளை என்னன்னு கூப்பிடுவே?"

"பேரைச் சொல்லி."

"அவுகளை?"

சாமுவேலின் தலை மட்டும் மெல்ல இல்லை என்று அசைந்தது.

பாக்கியம் அப்படியே ஆட்டுரல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியும். அவுக முன்னால நீ ஒழுங்கா நிமிர்ந்து நின்னதுகூட இல்லையே... நீ எங்க பேரைச் சொல்லுவே? நீ வாயத் திறக்குததுக்கு முந்தி அவுகளே எந்திரிச்சிருப்பாக. அப்படித்தானே?" என்றாள்.

"அக்கா—"

"அவுக புத்தி எனக்குத் தெரியாதா? வீட்டுல தண்ணி வேணும்னாக்கூட நான் கேக்குததுக்கு முந்திக் குடத்தைத் தூக்குத ஆளு. தினம் போயிருப்பாக. முறைக்குப் போற ஆளா இருந்தாத் திரும்பி வந்திருப்பாக."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. பாக்கியத்துக்குக் குரல் உயர்ந்தது. அந்தச் சமையற்கட்டில் நான் கேட்டிராத குரல்.

"பேரைச் சொல்லியிருக்கணும்லே! பத்துப் பேரைக் கூப்பிடுத மாதிரி அவுகளையும் கூப்பிட்டிருக்கணும்! ஒருநாள் போகச் சொல்லியிருக்கணும், மறுநாள் உக்காரச் சொல்லியிருக்கணும். உன்னைய நம்பித்தானேலே அனுப்பினேன்? மரியாதைய வச்சுக்கிட்டு நான் இப்ப என்ன செய்ய? மரியாதை கொடுத்தே கொன்னுட்டியளே, ரெண்டு பேருமாச் சேர்ந்து..."

சாமுவேல் மண்டி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பூட்ஸ் போட்ட காலோடு சமையற்கட்டுத் திண்டில் உட்காரக் கூடாது என்பது எங்கள் போர்டிங் சட்டம். சட்டம் போட்டது நான்தான். அன்றைக்கு அது எனக்கு நினைவில்லை.

அக்காளும் தம்பியும் அழுதார்கள். வெகுநேரம். குளிப்பாட்டிவிடுகிற மாதிரி அவள் அவர் தலையைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்திரி" என்றாள். அவர் எழுந்தார்.

"இப்பச் சொல்லு."

"என்னத்தக்கா?"

"அவுக பேரை. நான் சொல்லக்கூடாது. நீ சொல்லல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த வீட்டுல ஒருத்தரும் சொல்லல. மத்தவனைக் கூப்பிடுத மாதிரி ஒரு தடவை கூப்பிடு. நான் கேக்கணும்."

சாமுவேல் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தேன். அவர் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டார். குதிகால் சேர்த்து நின்றார். ஒரு தடவை மூச்சை இழுத்தார், விட்டுவிட்டார். மறுபடியும் இழுத்தார்.

"சிப்பாய் ஞானமுத்து!"

பாத்திரங்கள் அதிர்ந்தன. மேல்வகுப்பில் யாரோ பாடத்தை நிறுத்துவது கேட்டது. ஒரு பட்டாளத்துக்காரரின் கூப்பிடும் குரலை நான் அவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. ஏவுகிற குரல்தான். ஆனால் அதில் அத்தனை அன்பு இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்து போய், தட்டை எடுத்துக் கழுவி, மிச்சமிருந்த சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தம்பிக்கு முன்னால் வைத்தாள். "ஆறிப்போச்சு. பரவாயில்ல, தின்னு" என்றாள்.

மன்னித்துவிட்டாளா? எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மூக்கை நுழைக்கிற எனக்கும் சில இடத்தில் மூக்கு நுழையாது. அவர் தின்பதையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், மறுசோறு போட்டாள். அவ்வளவுதான் நான் கண்டது.

சனிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஜட்கா பிடித்தோம். நானும் போனேன் — போகாமல் இருப்பேனா? வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பாக்கியம் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து, அந்த இரண்டு பட்டையும் ஒழுங்காகத் தைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் நூல் விட்டிருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மூணாவது பட்டை கொடுக்கப் போறாகளாமே? டீச்சரம்மா சொன்னாக."

"பேச்சு இருக்குக்கா."

"வாங்கிக்கிடு. அங்கன ஆளோட பேரைச் சொல்லுத வேலை இல்லையாம்லா? 'ரெண்டு பேரு'ன்னு சொல்லிட்டுப் போயிரலாமாம். உனக்கு இனிமே இந்தப் பாடு வேண்டாம்லே."

சாமுவேல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடைக்கு முந்திய தாமிரபரணி; பாறைகளுக்கு நடுவே தண்ணீர் மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்க்கா" என்றார். "அந்த வேலை எனக்கு இப்பத்தான் செய்யத் தெரிஞ்சிருக்கு. வேற ஒருத்தன் வந்து என்னைய மாதிரி வாய மூடிக்கிட்டு நிக்க வேண்டாம்."

தாலுக்கா கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் மேல் உத்தியோகத்துக்காக நடக்கிற குத்து வெட்டையெல்லாம் பார்த்துக் கிழடாகிப்போன எனக்கு, இரண்டு பட்டை போதும் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.